பறவைகளைக் கேளுங்கள்: கடற்காகத்தின் கால் வளையம்

கேள்வி: இங்கிலாந்தில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். எதிர்வீட்டுக் கூரையில் பழுப்பு நிற இளம் கடற்காகம் ஒன்று உட்காருகிறது. அதன் காலில் எழுத்து பொறித்த வளையம். பாவம், வலிக்காதா? அதனால் என்ன தெரிந்துவிடப் போகிறது?
– வாசகி, கோவை

பதில்: வலிக்காது அம்மா. இந்த வேலைக்கு உதவியாக நானும் போயிருக்கிறேன். ஜூன் கடைசியில், குஞ்சு பறக்கத் தொடங்குவதற்கு முன்பே வளையம் போட்டுவிடுவார்கள். சிறகு பாதிதான் வளர்ந்திருக்கும். கால் மட்டும் ஏறக்குறைய முழு அளவுக்கு வந்திருக்கும். அதனால் வளையம் பின்னாளில் இறுகாது. கையில் எடுத்ததும் பயத்தில் தின்றதையெல்லாம் கக்கும். சட்டென்று வேலையை முடித்து, எடுத்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும்.

ஒரு காலில் உலோக வளையம், மற்றதில் பிளாஸ்டிக். உலோகத்தில் இருப்பது பொடி எண். பெரும்பாலும் பறவை செத்துக் கிடந்தால்தான் படிக்க முடியும். பிளாஸ்டிக்கைத் தூரத்திலிருந்தே தொலைநோக்கியில் படிக்கலாம்.

முன்பெல்லாம் அலுமினிய வளையம்தான். உப்புத் தண்ணீரில் தேய்ந்து, சில வருடங்களில் கழன்று விழுந்துவிடும். பறவை உயிரோடு பறந்துகொண்டிருக்கும், கணக்கில் செத்துப்போயிருக்கும்! கெட்டியான உலோகம் வந்த பிறகுதான் 30 வயதைத் தாண்டிய கடற்காகங்களும் தெரியவந்தன.

குஞ்சுகளுக்கு முதல் குளிர்காலம்தான் பெரிய கண்டம். அதைத் தாண்டியவையும் உடனே ஊர் திரும்பாது. அங்கே பிறக்கும் கருமுதுகுக் கடற்காகங்களில் பல ஸ்பெயின், போர்ச்சுகல், மொராக்கோ வரை போகும். இளசுகள் சில கோடையிலும் அங்கேயே தங்கிவிடும். நான்கு வயது வாக்கில்தான் கூடு கட்ட வரும். அதுவரை கண்ணில் படவில்லை என்பதற்காகச் செத்ததாக எழுதிவிட முடியுமா? அதனால்தான் ஆய்வாளர்கள் பறவை பிழைத்திருக்கும் வாய்ப்பைத் தனியாகவும், பிழைத்திருந்தால் அது யார் கண்ணிலாவது படும் வாய்ப்பைத் தனியாகவும் கணக்கிடுகிறார்கள். இரண்டாவது கணக்கு உங்களைப் போன்றவர்களை நம்பித்தான் இருக்கிறது.

எனவே வளையத்தின் நிறம், எந்தக் கால், என்ன எழுத்து, தேதி, இடம் எல்லாவற்றையும் குறித்து, பி.டி.ஓ. எனப்படும் பிரிட்டிஷ் பறவையியல் அறக்கட்டளைக்குத் தெரிவியுங்கள். மகளிடம் சொன்னால் ஆன்லைனிலேயே அனுப்பிவிடுவார். ஓர் எழுத்து சரியாகத் தெரியவில்லை என்றால் ஊகித்து எழுத வேண்டாம். வேறொரு பறவையின் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும்.

அப்புறம், ஊர் திரும்பியதும் கோடியக்கரைப் பக்கம் போனால் அங்கேயும் கால்களைக் கவனியுங்கள். மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம் வளையமிட்ட பறவைகள் அங்கே உண்டு. எண்ணைக் குறித்து அவர்களுக்கு எழுதுங்கள்.