ஆஸ்திரேலியாவில் சாலையோரமெல்லாம் புல் குத்து போல நிற்கும் செடி எது? வீட்டு வாசலில் வைக்கலாமா?

அது லொமாண்ட்ரா. முழுப்பெயர் லொமாண்ட்ரா லாங்கிஃபோலியா. பார்த்தால் புல்தான், ஆனால் புல் குடும்பமே இல்லை. நம் தண்ணீர்விட்டான் கிழங்குக்கு உறவு. கிழக்கு ஆஸ்திரேலியாவின் சொந்தச் செடி. குவீன்ஸ்லாந்திலிருந்து டாஸ்மேனியா வரை காட்டிலும் ஓடைக் கரையிலும் தானாகவே முளைத்துக் கிடக்கும்.

சிட்னியில் நாங்கள் குடிவந்த வீட்டு வாசலில் ஆறு குத்து இருந்தது. களை என்று நினைத்து முதல் வாரமே பிடுங்கப் போனேன். மண்வெட்டிக் காம்புதான் முறிந்தது, செடி அசையவில்லை. ஓடைக் கரை அரித்துப் போகாமல் இருக்க இதை நடுவது ஏன் என்று அன்றைக்கே புரிந்துவிட்டது.

அடையாளம் காண இலை நுனியைப் பாருங்கள். கூராக முடியாது, பூச்சி கடித்துப் போட்டதுபோல் இரண்டு மூன்று பல்லாகப் பிளந்திருக்கும். வசந்த காலத்தில், அதாவது செப்டம்பர் வாக்கில், இலைகளுக்கு நடுவே பூங்கதிர் எழும்பும். மஞ்சள் சாயலில் பொடிப்பொடிப் பூக்கள், கொத்துக்குக் கொத்து முள். வாசனை தேன் மாதிரி, பக்கத்தில் உட்கார்ந்தால் கொஞ்சம் திகட்டும். பனை மாதிரி இதிலும் ஆண் வேறு, பெண் வேறு. காய் பிடிப்பது பெண் செடியில் மட்டும்.

ஊரிலிருந்து வந்த அம்மா ஓர் இலையை நீளவாக்கில் கிழித்துப் பார்த்துவிட்டு, "கோரை மாதிரியே இருக்கே, பாய் நெய்யலாம் போல" என்றார். ஆங்கிலத்தில் இதைப் 'பாய்க்கோரை' என்ற பொருளில்தான் அழைக்கிறார்கள்! இங்குள்ள பூர்வகுடி மக்கள் காலங்காலமாக இந்த இலையைக் கிழித்துக் கூடை பின்னியிருக்கிறார்கள். விதையை இடித்து மாவாக்கியும் சாப்பிட்டார்கள். இலையை உருவினால் அடியில் வெள்ளையாக, இளசாக ஒரு பகுதி வரும், அதையும் மெல்வார்கள். நானும் மென்று பார்த்தேன், பச்சைப் பட்டாணி ருசி.

சரி, வாசலில் வைக்கலாமா? தாராளமாக. முதல் கோடைக்கு மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள், அப்புறம் மழையே போதும். ஆனால் ஒரு மீட்டர் அகலத்துக்குப் பரவும், நடைபாதையை ஒட்டி நடாதீர்கள். இடம் குறைவென்றால் நர்சரியில் 'தனிகா' என்று கேளுங்கள். இலை மெலிதாக, முழங்கால் உயரத்தோடு நின்றுவிடும். காய்ந்த கதிரை வெட்டும்போது தடிமனான கையுறை போட்டுக்கொள்ளுங்கள். துணிக் கையுறை போதும் என்று நினைத்து, ராத்திரி ஊசியும் கையுமாக உட்கார்ந்து முள் எடுத்தவன் நான்.