காரோ மக்களின் மூலிகை மருத்துவம்: கேள்வி பதில்

கேள்வி: எத்தியோப்பியாவின் ஓமோ ஆற்றங்கரையில் வாழும் காரோக்களா இவர்கள்?

பதில்: அவர்கள் வேறு இனத்தவர். இங்கே பேசப்படுவோர் இந்தோனேசியாவின் வடக்குச் சுமாத்திராவில், சினாபுங் எரிமலையைச் சூழ்ந்த மேட்டுநிலத்து காரோ பத்தாக் மக்கள்.

கேள்வி: 'ஓக்குப்' என்பது என்ன?

பதில்: பிரசவித்த பெண்ணுக்கான ஆவிக்குளியல். இஞ்சி, மஞ்சள், பேரரத்தை, எலுமிச்சைப்புல் முதலியவற்றைப் பெரிய பானையில் கொதிக்கவைத்து, அவளைப் பாயாலோ போர்வையாலோ மூடி ஆவி பிடிக்கச் செய்வார்கள். உடலில் தங்கிய குளிர்ச்சி வியர்வையோடு நீங்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. அரிசி மாவுடன் காரமான மூலிகைகளை அரைத்து உடலில் பூசும் 'குனிங்' என்னும் பூச்சும் குளிருக்கு எதிரானதே. இன்று மேடான் நகரில் கட்டணம் செலுத்தி எவரும் ஓக்குப் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும் இதைத் தவிர்க்க வேண்டும்.

கேள்வி: மூலிகைகளின் அளவு என்ன? வீட்டில் செய்யலாமா?

பதில்: சேர்மானம் குடும்பத்துக்குக் குடும்பம் மாறுவது, எழுத்தில் அளவு சொல்ல மாட்டேன்.

கேள்வி: காரோக்களின் செம்பிரிங் குலத்தில் சோழியா, பாண்டியா என்னும் கிளைகள் உள்ளனவே. இது நம் சித்த மருத்துவம்தானே?

பதில்: கிளைப்பெயர்கள் உண்மை. சுமாத்திராவின் மேற்குக் கரையில் உள்ள பாருஸில் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும் கிடைத்துள்ளது. எனவே உறவு இருந்தது. ஆனால் உறவு இருந்ததாலேயே மருத்துவமும் நம்மிடமிருந்து போனது என்று முடிவுகட்டுவது தவறு.

கேள்வி: மஞ்சள், இஞ்சி, வசம்பு எல்லாம் ஒன்றாக இருக்கின்றனவே?

பதில்: இவை ஆசியாவின் பெரும்பகுதியில் வழங்கும் மூலிகைகள், பொதுவான செடி பொதுவான மரபுக்குச் சான்றாகாது. பாதரசத்தையும் கந்தகத்தையும் பஸ்பமாக்கும் சித்தமுறை எங்கே, தேங்காயெண்ணெயில் மூலிகைகளைக் காய்ச்சி உடலில் தேய்த்து உருவும் காரோ முறையும், மென்ற மூலிகையை நோயாளியின் மேல் உமிழும் 'செம்புர்' முறையும் எங்கே? காரோ மேட்டுநிலத்தில் உள்ள கபன்ஜாஹே நகரின் சந்தை வியாபாரிகளிடம் 300-க்கும் மேற்பட்ட மருந்துத் தாவரங்கள் இருப்பதை 2015-இல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்தது. தலைமுறைகளாக அவர்கள் காத்த அறிவை நமதென்று உரிமை கோருவது அவர்களுக்கு இழைக்கும் அநீதி.

கேள்வி: வசம்பைக் குழந்தைக்கு எவ்வளவு உரசிக் கொடுக்கலாம்?

பதில்: கொடுக்கவே கூடாது. அதிலுள்ள பீட்டா அசரோன் என்னும் வேதிப்பொருள் விலங்குச் சோதனைகளில் புற்றுநோயை உண்டாக்கியது. அமெரிக்கா 1968-இலேயே உணவில் வசம்பைத் தடை செய்தது.

கேள்வி: எலும்பு முறிவுக்கு காரோ எண்ணெய் போதுமா?

பதில்: முதலில் எக்ஸ்ரே எடுங்கள்.

கேள்வி: ஓக்குப் மூலிகைகளின் அளவை மட்டுமாவது சொல்லுங்களேன்?

பதில்: மேலே பதில் உள்ளது.