முக்காடு போடச் சொன்ன பவுல், பெண்களைப் பேசக்கூடாது என்றாரா?

முக்காடு போடச் சொன்ன அதே அப்போஸ்தலர் பவுல்தான் சபையில் பெண்கள் பேசக்கூடாது என்றும் எழுதினாரா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் பைபிளில், கொரிந்து ஊர் சபைக்கு அவர் எழுதிய 1 கொரிந்தியர் என்ற கடிதத்தில்தான் இருக்கின்றன. ஆனால் 11:5-ஐ (11-ஆம் அதிகாரம், 5-ஆம் வசனம்) நிதானமாகப் படித்துப் பாருங்கள். ஜெபிக்கும்போதும் தீர்க்கதரிசனம் சொல்லும்போதும் பெண் தலையை மூடிக்கொள்ள வேண்டும் என்கிறார். அப்படியென்றால் அந்தச் சபையில் பெண்கள் வாய்திறந்து ஜெபித்திருக்கிறார்கள். அதை அவர் தடுக்கவில்லை. எனவே 14:34-இல் வரும் 'பேசாமலிருக்க வேண்டும்' என்பதைத் தனியாகப் பிய்த்தெடுத்துப் படிப்பது சரியில்லை. என்னைக் கேட்டால், அது கூட்டத்தில் எழுந்த குழப்பத்தை அடக்கச் சொன்னது. இதை ஏற்காத சபைகளும் உண்டு.

அப்புறம், பவுலின் இன்னொரு கடிதமான ரோமர் 16:1-இல் பெபேயாள் என்ற பெண்ணை கெங்கிரேயா ஊர் சபையின் ஊழியக்காரி என்கிறார். கிரேக்கத்தில் அது 'தியாகோனோஸ்'. ஆண் ஊழியர்களுக்கும் அதே சொல்தான்.

முக்காட்டைக் கத்தோலிக்கத் திருச்சபையின் 1917 சட்டத்தொகுப்பு கட்டாயமாக்கியது. 1983 தொகுப்பில் அந்த விதி இல்லை.