ரெண்டு உசுருக்கு சாப்பிடணுமா?

கேள்வி: டாக்டர், நாள் தள்ளிப்போய் இப்ப ஏழு வாரம்னு ஸ்கேன்ல சொன்னாங்க. காலைல பல் தேய்க்கும்போதே குமட்டுது, சாதம் வடிக்கிற வாசனையே ஆகல, ரெண்டு வாய் சாப்பிட்டா வெளில வந்துடுது. அத்தையோ "ரெண்டு உசுருக்கு சாப்பிடணும்"னு தட்டு நிறைய வைக்கிறாங்க. பப்பாளியை வீட்டுக்குள்ளயே விடறதில்ல, குங்குமப்பூ போட்ட பால் வேற. ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் வாந்தில போயிடுது. குழந்தைக்கு சத்து போகுமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: முதல்ல அந்த தட்டை பாதியாக்க சொல்லுங்கம்மா. ஏழு வாரத்துல உங்க பிள்ளை ஒரு கொண்டைக்கடலை அளவுதான், அதுக்குன்னு தனியா ஒரு படி சோறு வேண்டாம். முதல் மூணு மாசம் வழக்கமா சாப்பிடற அளவு உள்ள தங்கினாலே போதும், கூடுதல் சாப்பாடெல்லாம் நாலாம் மாசத்துக்கு மேலதான்.

வயிறு காலியா இருந்தா குமட்டல் கூடும். அதனால படுக்கைய விட்டு எழறதுக்கு முன்னாடியே ரெண்டு ரஸ்க் இல்ல கொஞ்சம் பொரி மென்னுட்டு, ஒரு பத்து நிமிஷம் கழிச்சு எழுந்திரிங்க, அப்புறம் ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை ஒரு இட்லி, கொஞ்சம் தயிர் சாதம், பொட்டுக்கடலைன்னு எது இறங்குதோ அது. சூடா இருந்தாதான் வாசனை தூக்கும், ஆறவிட்டு சாப்பிடுங்க. சாதம் வடிக்கிற வேலைய கொஞ்ச நாள் வீட்டுக்காரர் பார்க்கட்டுமே, கை தேஞ்சா போயிடும்?

மாத்திரைய ராத்திரி படுக்கப்போறப்போ போட்டு பாருங்க, நிறைய பேருக்கு அப்ப தங்குது. தினமும் 400 மைக்ரோகிராம், 12 வாரம் முடியற வரைக்கும் விடக்கூடாது. குழந்தையோட தண்டுவடம் உருவாகிற குழாய் ஆறாவது வாரத்துக்குள்ளயே மூடிடும், அதான் குழந்தைக்கு பிளான் பண்றவங்க முன்னாடியே இதை ஆரம்பிக்கணும்னு நான் தொண்டை கிழிய கத்துறது. கீரை, பாசிப்பயறு நல்லதுதான், ஆனா மாத்திரைக்கு பதில் ஆகாது.

பப்பாளில அத்தை பாதி சரி. காய்லயும் செங்காய்லயும் இருக்கிற பால்தான் ஆகாது, நல்லா பழுத்தது ரெண்டு துண்டு சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது. இதுக்காக வீட்ல சண்டை வேண்டாம், கொய்யா சாப்பிட்டுக்கோங்க. உண்மையில நிறுத்த வேண்டியது ஆஃப்பாயில், காய்ச்சாத பால், சுறா மீன். மத்தி, நெத்திலி சாப்பிடலாம். காபி நாளைக்கு ஒண்ணு ரெண்டு போதும்.

தண்ணி குடிச்சாகூட நிக்கல, ஒண்ணுக்கு அடர் மஞ்சளா கொஞ்சமா போகுது, எடை குறையுது, தலை சுத்துதுன்னா அன்னைக்கே டாக்டர்ட்ட போங்க, "மசக்கைன்னா அப்படித்தான்"னு யார் சொன்னாலும் கேட்காதீங்க. ரத்தம் பட்டாலோ அடிவயிறு வலிச்சாலோ காத்திருக்கவே கூடாது.

குங்குமப்பூவா? பிள்ளை நிறம் அப்பா அம்மா ஜீன்ல இருந்து வர்றது, பால்ல கரைச்சு வராது. அந்த ஒரு கிராம் காசுக்கு எத்தனை முட்டை வரும்னு அத்தைகிட்ட ஒரு கணக்கு போட சொல்லுங்க.