மடிப்பில்லாப் புரதங்கள்: டர்பன் வாசகர் கேள்விகள்

கேள்வி (வெஸ்ட்வில்): பார்கின்சன் நோயில் மூளைச் செல்களில் திரளும் ஆல்ஃபா-சைனூக்ளின் என்ற புரதத்தின் எடை 14.5 கிலோடால்டன் என்கிறார்கள். புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் என் ஜெல்லில் பட்டை 18-க்குப் பக்கத்தில் விழுகிறது. வேறு புரதமா?

பதில்: அதேதான். 140 அமினோ அமிலங்களில் கடைசி நாற்பது சொச்சத்தில் எதிர்மின்னேற்றம் மிக அதிகம். அங்கே எஸ்டிஎஸ் (புரதத்தை ஜெல்லில் ஓட வைக்கும் சோப்பு போன்ற பொருள்) சரியாக ஒட்டாது, பட்டை மெதுவாக ஓடும். மூலக்கூறின் எடையை நேரடியாக அளக்கும் மாஸ் ஸ்பெக்கில் 14,460 டால்டன் வந்தால் போதும்.

கேள்வி: சுத்திகரிப்பில் கொதிக்க வைத்தால் கெட்டுவிடாதா?

பதில்: கெட அதற்கு மடிப்பே இல்லையே! செல்லை உடைத்த கையோடு 95 டிகிரியில் 15 நிமிடம் வையுங்கள். சைனூக்ளினைத் தயாரித்த ஈ.கோலை பாக்டீரியாவின் மற்ற புரதங்கள் திரிந்து படிந்துவிடும். சைனூக்ளின் மேல்நீரில் நிற்கும். தாமதம்தான் ஆபத்து: மடிப்பில்லாத சங்கிலியைப் புரோட்டியேஸ்கள் (புரதத்தை வெட்டும் நொதிகள்) சுலபமாக நறுக்கிவிடும்.

கேள்வி (பீனிக்ஸ்): தயோஃப்ளேவின்-டி (புரத இழைகளில் ஒட்டினால் ஒளிரும் சாயம்) சோதனையில் தட்டில் ஒரே மாதிரி ஊற்றிய மூன்று குழிகளிலும் ஒளிர்வு மூன்று விதமாக ஏறுகிறது. இடையில் லோட் ஷெட்டிங் வேறு.

பதில்: முதலில் சரக்கைச் சந்தேகப்படுங்கள். உறைய வைத்து உருக்கிய புரதத்தில் சிறு திரள்கள் இருக்கும். அவையே விதையாகி, சில குழிகளை முந்தவைக்கும். 0.22 மைக்ரான் வடிகட்டி அவற்றைத் தடுக்காது. 100 கிலோடால்டன் வடிகட்டியில் அன்றன்றே வடித்து, வடிந்ததை எடுங்கள். புரதத்தின் செறிவை அதன் பிறகே, ஒளி உறிஞ்சலை வைத்துப் பாருங்கள். இதில் ஒளியை அதிகம் உறிஞ்சும் அமினோ அமிலமான டிரிப்டோஃபான் கிடையாது, குறைவாக உறிஞ்சும் டைரோசின் நான்கு மட்டுமே. 280 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் கெழு 5,960 M⁻¹cm⁻¹. குலுக்கும்போது கலக்க, குழிக்கு ஒரு கண்ணாடி மணி, எல்லாம் ஒரே அளவில். தட்டை ஒட்டுத்தாளால் இறுக்கமாக மூடுங்கள். இல்லையேல் ஓரக் குழிகள் வற்றும். மின்சாரம் போய்க் குலுக்கல் நின்றாலும், உருவான இழைகள் வளர்ந்துகொண்டுதான் இருக்கும். ஆகவே அறுந்த வளைவை ஒட்டுப்போடாதீர்கள். யுபிஎஸ் இல்லையென்றால் புதிதாகத் தொடங்குங்கள்.

கேள்வி (சாட்ஸ்வொர்த்): மஞ்சளிலுள்ள குர்குமின் சேர்த்ததும் ஒளிர்வு சுத்தமாக விழுந்தது. இழை உருவாவது நின்றுவிட்டதா?

பதில்: அவசரப்படாதீர்கள். குர்குமின் 425 நானோமீட்டரை ஒட்டி ஒளியை விழுங்கும். நீங்கள் தூண்டுவதோ 440-450இல். சாயத்தின் வெளிச்சத்தைத்தான் அது மறைக்கிறதோ என்னவோ. தயாரான இழைகளில் குர்குமினைக் கலந்து உடனே அளந்து பாருங்கள். அங்கேயும் விழுந்தால் அது வெறும் ஒளிமறைப்பு. அதோடு, சோதனை முடிந்த கலவையை அதிவேகத்தில் சுழற்றி, மேல்நீரில் எவ்வளவு புரதம் மிச்சம் என்று ஜெல்லில் பாருங்கள். கறியில் போடும் மஞ்சளுக்கு இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. குர்குமின் குடலிலிருந்து ரத்தத்தில் ஏறுவது மிகக் குறைவு.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): அப்பாவுக்கு 71 வயதில் பார்கின்சன். எங்களுக்கும் வருமா?

பதில்: பெரும்பாலான நோயாளிகளுக்கு ஒற்றை மரபணுக் காரணம் எதுவும் இல்லை. சைனூக்ளின் மரபணுவின் ஏ53டி பிழை, 1997இல் இத்தாலிய, கிரேக்கக் குடும்பங்களில் கண்டறியப்பட்டது, மிக அரிது. வீட்டில் பலருக்கு இருந்தாலோ, 50 வயதுக்கு முன்பே தொடங்கியிருந்தாலோ மரபியல் ஆலோசகரைப் பாருங்கள்.