‘அழாதே’ என்று பவுல் எங்கே எழுதினார்?

கேள்வி: மகனைப் பறிகொடுத்த ஒரு சகோதரியின் வீட்டுக்கு ஆறுதல் சொல்லப் போகிறோம். விசுவாசிகள் மரணத்துக்கு அழக்கூடாது, 1 தெசலோனிக்கேயர் 4:13 அதைத் தடுக்கிறது என்கிறார் எங்கள் ஜெபக்குழுத் தலைவர். அங்கே வாசிப்பதற்கு யோபு 8:7ஐ (‘உன் முடிவு சம்பூரணமாயிருக்கும்’) எடுத்து வைத்திருக்கிறோம். சரிதானே?

பதில்: இரண்டுமே சரியில்லை.

வாக்குத்தத்த அட்டைகளில் அழகழகாக அச்சாகிற யோபு 8:7ஐச் சொன்னது கர்த்தர் அல்ல, யோபுவின் சிநேகிதன் பில்தாத். அதுவும் யாரிடம்? ஏழு குமாரரையும் மூன்று குமாரத்திகளையும் ஒரே நாளில் இழந்த தகப்பனிடம்! மூன்று வசனம் மேலே போய்ப் பாருங்கள். பிள்ளைகள் செத்தது அவர்கள் பாவத்தால்தான் என்கிற தோரணையில் அதே வாய் பேசியிருக்கும். நீங்கள் கிளம்பிய பிறகு அந்தத் தாய் வேதத்தைத் திறந்தால் 8:4 கண்ணில் படாமலா போகும்?

கடைசி அதிகாரத்தில் (42:7) கர்த்தருக்குக் கோபம் வருவது ஆறுதல் சொல்ல வந்த இந்த மூன்று சிநேகிதர்மேல்தான். பிறந்த நாளையே சபித்த யோபு நிதானமாய்ப் பேசினான் என்று அவரே சொல்கிறார். எனவே அந்தப் புத்தகத்திலிருந்து எதை எடுத்தாலும் பேசுவது யாரென்று அதிகாரத்தின் தொடக்கத்தில் பாருங்கள். அங்கே பெயர் இல்லையென்றால் முந்தின அதிகாரத்துக்குப் போங்கள். சிநேகிதர்களிடம் காப்பியடிக்க ஒன்று உண்டு: ஏழு நாள் தரையில் உட்கார்ந்து வாய் திறக்காமல் இருந்தார்களே (2:13), அது.

இனி பவுல். ‘நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போலத் துக்கித்து’ என்பது அவர் எழுத்து. அந்தப் ‘போல’வை விழுங்கினால்தான் உங்கள் தலைவர் சொல்லும் தடை வரும். கர்த்தர் வருமுன்னே மரித்தவர்களின் கதி என்ன என்ற தெசலோனிக்கேயரின் கலக்கத்துக்குப் பதிலாக எழுதிய பகுதி அது. ‘ஒருவரையொருவர் தேற்றுங்கள்’ என்றுதான் 18ஆம் வசனத்தில் முடிக்கிறார். யோவான் 11இல் லாசருவை எழுப்பப்போவது தெரிந்தே இயேசு கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். மார்த்தாளும் மரியாளும் சொன்னது ஒரே வாக்கியம், ‘நீர் இங்கே இருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்’ என்று. மார்த்தாளுக்கு உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசினார், மரியாளோடு அழுதார். உங்கள் சகோதரி இவர்களில் யாரைப்போல் இருக்கிறார் என்பது அங்கே போய் உட்கார்ந்த பிறகுதான் தெரியும்.

வாசிக்கச் சொன்னால் சங்கீதம் 13. ஆறே வசனம், முதல் இரண்டில் நான்கு தரம் ‘எதுவரைக்கும்’ வரும். அந்தச் சகோதரி கேட்க நினைத்துக் கேட்காமல் இருப்பதும் அதுவாக இருக்கலாம். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. அதைக் கூட்டத்தில் வாசிக்க வேண்டாம், எண்ணை மட்டும் குறித்துக் கொடுங்கள். ரோமர் 8:28 (தேவனிடத்தில் அன்புகூருகிறவர்களுக்குச் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கும் என்பது) மெய்தான். ஆனால் முதல் நாள் பிறர் வாயிலிருந்து வந்தால், ‘நல்லதுக்குத்தான் நடந்தது’ என்றே காதில் விழும்.

உங்கள் தலைவருக்கு அப்போஸ்தலர் 8:2ஐக் காட்டுங்கள். விசுவாசத்துக்காகக் கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவானை அடக்கம்பண்ணி ‘மிகவும் துக்கங்கொண்டாடின’வர்களை (வேதத் தமிழில் புலம்பி அழுவதற்குப் பெயர் அது) அதை எழுதிய லூக்கா எப்படி அழைக்கிறார் தெரியுமா? ‘தேவபக்தியுள்ள மனுஷர்.’