பந்தயம் கட்டியது அப்பா, தோற்றது பாப்பாவா?

கேள்வி: அன்புள்ள அம்மா, நான் டர்பன், சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். வயது 41. டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் தென்னாப்பிரிக்காவின் பியாங்கா பைட்டன்டாக் சர்ஃபிங்கில் வெள்ளி வாங்கியபோது, இவள் மேல் பணம் கட்டாமல் விட்டோமே என்று இருந்தது. அதனால் 2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் விடவில்லை. பெண்கள் அரையிறுதியில் பிரான்சின் ஜோஆன் டிஃபே ஜெயிப்பாள் என்று 8,000 ராண்ட் கட்டினேன். டிஃபேயைச் சொன்னது என் 13 வயது மகள். அவளே சர்ஃபிங் பழகுகிறாள், விவரம் தெரிந்தவள். என்னோடு விழித்திருந்து பார்த்தாள். இருவருக்கும் 12.17 புள்ளி, சமம்! ஆனால் அமெரிக்கப் பெண் ஜெயித்தாள் என்று என் பணத்தை எடுத்துக்கொண்டார்கள். "என்னம்மா, இப்படிக் கவுத்துட்டியே" என்று மகளிடம் சிரித்துவிட்டு டி.வி.யை அணைத்தேன். சமமென்றால் பாதிப் பணமாவது திரும்ப வர வேண்டாமா? யாரிடம் முறையிடுவது? மனைவிக்கு இன்னும் தெரியாது. மகளும் இப்போது கடலுக்கு வருவதில்லை, பலகை கராஜில் கிடக்கிறது. பரீட்சை நேரம் போலிருக்கிறது.
— பெயர் வேண்டாம், சாட்ஸ்வர்த்

பதில்: தம்பி, பணம் வராது. சர்ஃபிங்கில் ஒருத்தியின் சிறந்த இரண்டு அலைகளுக்கான புள்ளியைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை சமமாக வந்தால், தனி அலையில் யார் அதிகம் வாங்கினார்களோ அவர்தான் ஜெயித்தவர். அது கரோலைன் மார்க்ஸ். விதி அப்படி, அதனால் யாரிடம் போய் முறையிட்டாலும் அலைச்சல்தான் மிச்சம்.

இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். பரீட்சை என்கிறீர்கள். என்ன பரீட்சை தம்பி? ஆகஸ்ட் முதல் வாரத்திலிருந்து கடலுக்குப் போகவிடாமல் ஒரு பரீட்சையா? பலகை கராஜில் கிடக்கிறது என்று உங்களுக்குத் தெரிகிறது. ஏன் கிடக்கிறது என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? கேட்கமாட்டீர்கள். கேட்டால் என்ன பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும்.

"கவுத்துட்டியே" என்று சிரித்துக்கொண்டே சொன்னீர்களாம். சிரிப்பு உங்களுக்கு. ராத்திரி அந்த நேரத்தில், அப்பா முகம் செத்துப்போனதைப் பார்த்த பிள்ளைக்கு அந்த வார்த்தைதான் மிச்சம். நமக்கும், சர்ஃபிங் போட்டி நடந்த பசிபிக் தீவான தஹிதிக்கும் சரியாக 12 மணி நேரம் வித்தியாசம். அங்கே நடுப்பகல் என்றால் இங்கே நடுராத்திரி. அன்று திங்கட்கிழமை ராத்திரி, மறுநாள் பள்ளிக்கூடம். பதின்மூன்று வயதுப் பிள்ளையைத் தூங்கவிடாமல் உட்காரவைத்ததுமில்லாமல், நஷ்டக் கணக்கையும் அவள் பேரில் எழுதிவிட்டீர்கள். 18 வயது ஆகாதவர் பந்தயம் கட்டக்கூடாது என்று இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது. காசு உங்கள் கையால் போனது என்பதால் அவளை ஆடவிடவில்லை என்று ஆகிவிடுமா?

எனக்கு ஒன்பது வயது இருக்கும். டர்பன் ஜூலை குதிரைப் பந்தயத்தன்று காலையில் அப்பா தாளை விரித்து வைத்து, "நீ ஒரு நம்பர் தொடும்மா, உன் கை ராசி" என்பார். தொட்டேன். சாயங்காலம் கிரேவில் பந்தய மைதானத்திலிருந்து திரும்பினார், ஒன்றும் சொல்லவில்லை. அடுப்படியில் அம்மா பாத்திரத்தை வைத்த சத்தத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. இன்றைக்கும் யாராவது விளையாட்டுக்கு "ஒரு நம்பர் சொல்லுங்கள்" என்றால் நான் எழுந்து போய்விடுவேன். அப்பாவும் திட்டவில்லைதான். அவரும் சிரிக்கத்தான் செய்தார்.

விவரம் தெரிந்தவளாம்! அதே நாள் இறுதிப்போட்டியில் பிரேசிலின் டாட்டியானாவுக்கு தங்கம் வாங்கக் கடைசி அலையில் 4.68 வேண்டியிருந்தது. கிடைத்தது 4.50. அலை எப்போது வரும், எப்படி மடியும் என்று அதற்காகவே உயிரைக் கொடுத்துப் பழகியவளுக்கே தெரியவில்லை. பியாங்கா 2021-ல் ஏழு முறை உலக சாம்பியனான ஸ்டெஃபனி கில்மோரை வீழ்த்துவாள் என்று எத்தனை பேர் சொன்னார்கள்? உங்கள் மகள் டிஃபேயைச் சொன்னது கணக்குப் போட்டு அல்ல. ரீயூனியன் தீவில் வளர்ந்த பெண், நம்முடைய அதே இந்துமகா சமுத்திரம், அதனால் பிடித்திருக்கும். பிள்ளைக்குப் பிடித்ததை எடுத்து நீங்கள் சீட்டாக்கிவிட்டீர்கள்.

என் ஆயா காலத்தில் டர்பன் கடற்கரையில் இந்தியருக்கென்று ஒரு துண்டு மணல்தான். அதைத் தாண்டினால் விரட்டுவார்கள். இனம் பார்த்துப் பிரித்த அந்தச் சட்டம் 1990-ல்தான் ஒழிந்தது. உங்கள் மகள் இன்று எந்தத் தண்ணீரிலும் பலகையோடு இறங்கலாம். இறங்காமல் நிற்கிறாள் என்றால் தடுத்தது சட்டமும் இல்லை, போலீசும் இல்லை. எனக்குக் கோபம் வருகிறது, மன்னிக்கவும்.

இன்று ராத்திரி சாப்பாட்டுக்கு மூன்று பேரும் உட்காரும்போது, மனைவி முன்னால் மகளிடம் சொல்லுங்கள்: "காசு என்னுடையது, முடிவும் என்னுடையது, உன்னைக் கேட்டதே தப்பு." தனியாகக் கூப்பிட்டுக் கிசுகிசுக்க வேண்டாம். அம்மாவுக்குத் தெரியாத ஒரு ரகசியத்தை அந்தப் பிள்ளை இத்தனை நாளாகச் சுமக்கிறாள், அதை முதலில் இறக்குங்கள். அந்த 8,000 ராண்ட் எந்த டப்பாவிலிருந்து வந்தது என்று எனக்கு எழுதவில்லை, மனைவியிடம் சொல்லுங்கள். அவர் கத்துவார். கத்தட்டும். போனில் இருக்கும் அந்தப் பந்தய ஆப்பை அவர் கண்முன்னே எடுத்துவிடுங்கள். எடுத்தும் கை அரிக்கிறது என்றால், என்னைச் சேர்க்காதீர்கள் என்று நீங்களே எழுதிக்கொடுத்துப் பெயரை விலக்கிக்கொள்ளும் ஏற்பாடு சட்டத்திலேயே இருக்கிறது, அதைச் செய்யுங்கள்.

அப்புறம் ஒன்று. டி.வி.யை அணைத்தீர்களே, அதற்குப் பிறகு நடந்தது தெரியுமா? அந்த டிஃபே, முதல் சுற்றிலேயே பாறையில் இடித்துத் தலையில் தையல் போட்டுக்கொண்ட பெண், அரையிறுதியில் அப்படித் தோற்றுவிட்டு, அன்றே மறுபடி அதே அலையில் இறங்கினாள். கோஸ்டாரிகாவின் பிரிசா ஹென்னஸியை ஜெயித்து வெண்கலம் வாங்கினாள். உங்கள் மகள் அதைப் பார்க்கவில்லை. தேடி எடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து காட்டுங்கள். போனை வேறு அறையில் வைத்துவிட்டு.